கழுகுக்கண் வெட்டின பாட்டு

சத்தியமா சொல்றேன் சார், இந்த ரெண்டு கண்ணு மேலயும் சத்தியமா, நான் சொல்லப்போறதுல ஒரு எழுத்து பொய் கிடையாது... தாடைய அசைக்காதீங்க. நெத்திய அந்தப் பட்டையில ஒட்டி வைங்க. ஆங், அப்படித்தான். மிஷினுக்குள்ள ஒரு பலூன் படம் தெரியும், அதையே பாருங்க. இந்தத் தெருவுல ஒரு மனுஷன் மரியாதையா கண்ணு டெஸ்ட் பண்ணிப் பிழைக்க முடியல சார். வர்றவங்க போறவங்க எல்லாரும் என்னை மாமாங்குறாங்க.

சிரிக்காதீங்க, பலூன் ஆடுது.

முந்தாநாள் ஒரு அம்மா வந்தாங்க. நீதிபதியா இருந்து ரிடையர் ஆனவங்க, என்னை விட பத்து வயசு மூத்தவங்க. முதல் அஞ்சு வரியத் தங்கமா படிச்சாங்க. ஆறாவது வரி படிங்கம்மான்னேன். பலகையப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க, மறுபடி பலகையப் பாத்தாங்க. "கண்ணு யாருக்குத் தெரியல மாமா"ன்னாங்க. மாமாவாம். எத்தனை பேர உள்ள தள்ளின வாய் சார் அது... நான் என்ன பண்ண முடியும்? போதும்மா எழுந்திரிங்கன்னுட்டேன். அதுக்கு முன்னாடி ஒரு பஸ் டிரைவர், அதே வார்த்தை. ஒரு பல் டாக்டர், சிரிப்ப அடக்கிக்கிட்டு அதே வார்த்தை. ரெண்டு வாரமா இதே கூத்து. ஆறாவது வரின்னு நான் வாயத் திறந்தா போதும், ஆரம்பிச்சுடுறாங்க. எல்லாம் அந்தப் பாட்டு பண்ற வேலை.

எந்தப் பாட்டுன்னா கேக்குறீங்க? தெரியாத மாதிரி கேக்குறீங்களே... என்ன, எட்டு மாசமா கப்பல்லயா? நேத்துத்தான் இறங்கினீங்களா? அப்ப நிஜமாவே கேட்டதில்லையா? சார், உங்க கையக் குடுங்க. இல்ல இல்ல, தாடைய எடுக்காதீங்க, கைய மட்டும். இந்த ரெண்டு மாசத்துல அந்தப் பாட்டைக் கேக்காத ஒரு மனுஷன் என் கடைக்குள்ள வந்திருக்கீங்க. உங்களுக்கு நான் பொறுமையா, முழுசா டெஸ்ட் பண்றேன். கப்பல் கம்பெனி சர்டிபிகேட்தானே? ஆகட்டும்.

இப்ப டும் டும்னு கேக்குதில்ல? சுவருக்கு அந்தப் பக்கம். மூணு பேர். பாடுற பொண்ணு ஒண்ணு, நெட்டையா ஒருத்தன் கிட்டார், டிரம்ஸ் அடிக்கிறவன் ஒருத்தன். முன்ன அது செருப்புக் குடோன். இவங்க வாடகைக்கு எடுத்து, உள்ள பஞ்சு மெத்தையெல்லாம் அடிச்சு, பாட்டுப் பதிவு பண்ற ரூம் ஆக்கிட்டாங்க. மூணு சுவருக்கு மெத்தை அடிச்சாங்க சார். நாலாவது சுவர், என் சுவர், அதுக்கு வரும்போது மெத்தை தீந்துபோச்சாம். சொன்னா நம்பமாட்டீங்க, அவன் அடிக்கிற அடியில என் சுவர்க் கடிகாரம் அவன் தாளத்துக்கு ஓட ஆரம்பிச்சுருச்சு. ஒரு நாள் மூணு மணிக்கே ஆறு காட்டிச்சு. நானும் கடையப் பூட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். வெயில் கொளுத்துதேன்னு பாதி வழியிலதான் உறைச்சுது.

சரி, எடுங்க தாடைய. இந்த இரும்பு பிரேம் போட்டுக்கோங்க. கொஞ்சம் கனமா இருக்கும். ஒவ்வொரு லென்ஸா சொருகுவேன், எது தெளிவுன்னு சொன்னா போதும்.

பாட்டு போடுறதத் தப்புன்னு சொல்லல. போட்டதுக்கப்புறம் அவங்க பண்ணினாங்க பாருங்க ஒரு காரியம், அதத்தான் சொல்றேன். பாட்டைப் பிரிச்சு வச்சுட்டாங்க. பாடுற குரல் தனி, கிட்டார் தனி, டிரம்ஸ் தனி. பிரிச்சு இன்டர்நெட்ல போட்டு, "எடுத்துக்கோங்க, வெட்டுங்க, ஒட்டுங்க, உங்க இஷ்டத்துக்கு மாத்துங்க, ஊருக்கெல்லாம் குடுங்க, எங்களுக்கும் ஒண்ணு அனுப்புங்க"ன்னு எழுதியிருக்காங்க. நீங்களே சொல்லுங்க. ஒரு தையல்காரன் கோட்டு தச்சு முடிச்சு, கைய ஒரு பக்கம், காலர ஒரு பக்கம், பையை ஒரு பக்கம் பிரிச்சு வாசல்ல போட்டு, வாங்க வாங்க, யாருக்கு எப்படி வேணுமோ தச்சுக்கோங்கன்னு சொல்லுவானா? நான் என் லென்ஸையெல்லாம் ரோட்டுல கொட்டி, உங்க கண்ணுக்கு எது சேருதோ எடுத்துக்கோங்கன்னு சொன்னா ஊர் விடுமா? இவங்கள விடுது சார். கைதட்டுது.

இது தெளிவா... இதுவா? முன்னதா? சரி.

தனியா பிரிச்சுப் போட்டாங்களே, அந்த டிரம்ஸ் டிராக் இருக்கில்ல. பாட்டு நடுவுல முப்பது நாப்பது செகண்ட் டிரம்ஸ் இல்ல. அவன் சும்மா உக்காந்திருக்கான், காதுல ஹெட்போன். ஆனா மைக் திறந்திருக்கு. மைக் எங்க? மெத்தை இல்லாத சுவரோரம். சுவருக்கு இந்தப் பக்கம் யாரு? இதோ, இதே இடத்துல, இதே நாற்காலி பக்கத்துல நான். ஒரு கஸ்டமருக்கு டெஸ்ட் பண்ணிக்கிட்டிருக்கேன். "இது தெளிவா, இதுவா, இது தெளிவா, இதுவா, மேல பாருங்க, கீழ பாருங்க." அத்தனையும் பதிவாயிருச்சு. எல்லாத்தையும் சேத்துப் போட்டா கேக்காது. தனியா பிரிச்சுப் போட்டா ஸ்பஷ்டமா கேக்குது. எங்கயோ கண்காணாத தேசத்துலேர்ந்து ஒருத்தன் எழுதியிருக்கான்: "டிரம்ஸுக்குப் பின்னாடி பேசுறாரே, அந்தப் பெரியவர் யாரு? என்ன குரல், என்ன தாளம்."

பாடுற பொண்ணு ஓடி வந்துச்சு. நல்ல பொண்ணுதான், மரியாதை தெரிஞ்சது. "ஐயா, மன்னிச்சுக்கோங்க, உங்க குரல் வந்துருச்சு, நாங்க எடுத்துடுறோம்"னுச்சு.

எடுத்துடுங்கன்னுதான் நான்... அதாவது... பெரிய மனசு பண்ணி, இருந்துட்டுப் போகட்டும்மான்னு சொன்னேன். ஒரு காகிதம் குடுத்துச்சு. "என் குரலை யாரும் எடுக்கலாம், மாத்தலாம், பகிரலாம், ஆட்சேபணை இல்லை." கையெழுத்துப் போட்டேன். காகிதம்னா கையெழுத்துப் போட்டுத்தானே பழக்கம்.

அது வரைக்கும் ஒரு தப்பும் இல்ல சார். நூறு பேர் கேட்டிருப்பாங்க, மறந்திருப்பாங்க. அப்பத்தான் வந்தான் அந்தக் கழுகுக்கண்.

பேரு அதுதான். இன்டர்நெட்ல அவனவன் ஒரு பேரு வச்சுக்குறானே, அது மாதிரி. யாரோ எவனோ. ஆனா ஆள் யாராயிருந்தாலும் சரி, நான் சொல்றேன், அவன் ஒரு வேலையத்தவன். வயசுக்கேத்த புத்தி கிடையாது. அந்தப் பொண்ணு வேற, யார் கேட்டாலும் பொறுமையா சொல்லிக்குடுக்கும், இப்படி வெட்டணும், இப்படி ஒட்டணும்னு. அவனும் கத்துக்கிட்டான். ஒரு மத்தியானம், கஸ்டமர் இல்லாத நேரமாப் பாத்து கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தான். அந்த டிரம்ஸ் டிராக்கைத் திறந்தான். குரல் எல்லாம் படமா தெரியும் சார் அதுல. சத்தமா பேசினா மலை மாதிரி நிக்கும். பேசலன்னா ஒரு கோடு. அவன் என்ன பண்ணினான், "இது தெளிவா, இதுவா" மலையெல்லாத்தையும் எடுத்தான், பாட்டு மேல ஒட்டினான். ஒட்டிப் பாத்தா, அடடா, என்ன பொருத்தம். அந்தப் பொண்ணு "என்னைப் பார்"னு பாடுது, உடனே "மேல பாருங்க, கீழ பாருங்க". அவனுக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. இத்தனை வருஷம் ஒரு இருட்டு ரூம்ல பேசின பேச்சு, இப்படி ஒரு எடுப்பா...

என்ன? எனக்கு எப்படித் தெரியுமா? இதெல்லாம் தெருவுல பேசிக்கிறதுதான் சார். லென்ஸப் பாருங்க, என்னைப் பாக்காதீங்க.

அவன் பண்ணின தப்பு ஒண்ணே ஒண்ணு. கடைசி மலைக்கு அப்புறம் கொஞ்ச தூரம் கோடு ஓடுது. நேர்க்கோடு. பேச்சு இல்லைன்னு நெனச்சான். வெட்டாம விட்டுட்டான். பாட்டுங்கறது காதால கேக்குற சமாச்சாரம் இல்லையா? இவன் கண்ணால பாத்து வெட்டினான். தொழில் புத்தி. கடைசி வரைக்கும் ஒரு தடவ போட்டுக் கேட்டிருந்தா போதும். பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தவன் கேக்கவும் கேட்டான், "நான் ஒரு தடவ பாக்கட்டுமா மாமா, அந்தக் கோட்டுல ஏதோ நெளியுதே"ன்னு. "எனக்குத் தெரியும், நீ போய் மிஷினப் பாரு"ன்னு விரட்டிட்டு... விரட்டிட்டான். கழுகுக்கண் விரட்டிட்டான்.

கோடு இல்ல சார் அது. கிசுகிசு. மெதுவா பேசினா மலை வராது, ஒரு நெளிவு வரும், அவ்வளவுதான்.

அந்தக் கிசுகிசு என்னன்னா... இருங்க, இந்த லென்ஸ் அழுக்கா இருக்கு, தொடச்சிடுறேன்.

எனக்கு ஒரு மச்சான் இருக்கான் சார். என் சம்சாரத்தோட தம்பி. முப்பத்திரண்டு வருஷமா உள்ள அந்த ரூம்ல லென்ஸ் தேய்க்கிறான். நான் நம்பர் எழுதிக் குடுப்பேன், அவன் தேய்ச்சுக் குடுப்பான். அவன் தேய்ச்ச லென்ஸ்ல ஒரு மயிரிழை கூட பிசகு இருக்காது. பேச்சு கிடையாது. "அவனுக்கும் சேத்து நீயே பேசிடுற"ன்னு என் சம்சாரம் என்னைச் சொல்லுவா. அன்னிக்குப் பதிவாச்சே, அந்த நாற்காலியில உக்காந்திருந்த ஆள், கண்ணாடி தப்பா வந்திருக்குன்னு சண்டைக்கு வந்த ஆள். நம்பர் தப்பு. அந்த நம்பர யாரு தப்பா எழுதினதுங்கறது இப்ப எதுக்கு? மூணுக்கும் எட்டுக்கும் பெருசா என்ன வித்தியாசம், ஒரு பக்கம் மூடியிருக்கு, ஒரு பக்கம் திறந்திருக்கு. கஸ்டமர சமாதானப்படுத்தணுமே. குனிஞ்சு, அவர் காதுல, ரகசியமா சொன்னேன்: "வெளிய சொல்லாதீங்க. உள்ள லென்ஸ் தேய்க்கிறானே, அவனுக்குக் கண்ணு தெரியாது. பாவம், சொந்தக்காரன், வச்சிருக்கேன். எல்லாத்தையும் நான்தான் சரிபாக்கணும்."

அவ்வளவுதான். ஒரு பேச்சுக்குச் சொன்னது. வியாபாரத்துல யாரு சொல்லல?

கழுகுக்கண் அதையும் சேத்துப் போட்டுட்டான். அப்பவும் யாரு காதுலயும் விழல. ஆனா கேக்குறவங்கதான் வெட்டலாமே, ஒட்டலாமே. எவனோ ஒருத்தன் அந்த நெளிவப் பாத்திருக்கான், சத்தத்த ஏத்தியிருக்கான். "அவனுக்கு... அவனுக்கு... கண்ணு தெரியாது." அதையே நாலு தடவ, எட்டு தடவ, கீழ டிரம்ஸ். இன்னொருத்தன் அதுக்கு வயலின் போட்டான். இன்னொருத்தி குழந்தைங்களக் கூட்டமா பாட வச்சா. உடற்பயிற்சி பண்ற எடத்துல போடுறாங்க சார், அதுக்கு ஏத்த மாதிரி குதிக்கிறாங்க. லிஃப்ட்ல வருது. எதிர்க் கடை மருந்துக்காரர் போன்ல ரிங் அதுதான். நானூறு வகை இருக்காம். சத்தியமா, போன வாரம் ஒரு புறா என் ஜன்னல்ல உக்காந்து அதே தாளத்துல தலைய ஆட்டிச்சு.

மச்சான் மிஷின் சத்தத்துக்குக் காத மூடிக்கிட்டு வேலை பாக்குறவன். அவனுக்குத் தெரியாமலே போயிருக்கும். கூரியர்காரன்தான் கெடுத்தான். பார்சலக் குடுத்துட்டு, முணுமுணுத்துக்கிட்டே, "இது உங்க கடை பாட்டாமே, அந்தக் கண்ணு தெரியாதவர் யாருங்க?"ன்னு மச்சான்கிட்டயே கேட்டிருக்கான். போன்ல போட்டும் காட்டியிருக்கான். முப்பத்திரண்டு வருஷமா கேக்குற குரல், தெரியாதா?

வெளிய வந்தான். திட்டியிருந்தா நல்லாயிருந்திருக்கும் சார். நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவன் மேலங்கியக் கழட்டி, நாலா மடிச்சு, இதோ இந்த மேஜை மேல வச்சான். "சரி மாமா"ன்னான். "போறதுக்கு முன்னாடி எழுத்துப் பலகையத் தொடச்சு மாட்டிட்டுப் போறேன், தூசியா இருக்கு"ன்னான். உள்ள எடுத்துக்கிட்டுப் போய் ஒரு மணி நேரம் தொடச்சான். அவ்வளவு கோபத்துலயும் பொறுப்பப் பாருங்க. கொண்டு வந்து மாட்டி, பின்னாடி விளக்கப் போட்டுப் பாத்து, போயிட்டான். இன்னியோட ரெண்டு வாரம். மிஷின் சும்மா கிடக்கு. உங்களுக்கும் கண்ணாடி வேணும்னா வெளிய குடுத்துத்தான் தேய்க்கணும், பத்து நாள் ஆகும். வீட்டுல சாப்பாடு மேஜைக்கு வருது, பேச்சு வரல. "என் தம்பி இல்லாம நீ எத்தனை நாள் கடை நடத்துறேன்னு பாக்குறேன்"னா. அதோட சரி.

அந்தப் பொண்ணுகிட்ட போய் நின்னேன் சார். எல்லாத்தையும் எடுத்துடும்மான்னு கெஞ்சினேன். அது என்ன பண்ணும் பாவம். "எங்க பக்கத்துல இருக்கறத இப்பவே எடுத்துடுறேன் ஐயா. ஆனா மத்ததெல்லாம் எங்ககிட்ட இல்லையே. எடுத்துக்கோங்கன்னு நாமதானே சொன்னோம்"னுச்சு. நாமன்னுச்சு. என்னையும் சேத்து. "வேணும்னா நீங்களும் ஒரு பதில் பாட்டு போடுங்க"ன்னுச்சு. போட்டேன். "மச்சான், தப்பா சொல்லிட்டேன்"னு நாலு வரி, டிரம்ஸ் இல்லாம. மொத்தம் பதினோரு தடவ கேட்டிருக்காங்க. அதுல எட்டு தடவ நானே கேட்டது.

நேர்ல போய்க் கூப்பிடலாமேங்குறீங்களா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு? வரமாட்டேன்னு சொல்லிட்டான்னா? சொல்லாத வரைக்கும் வருவான்னு ஒரு இது இருக்கில்ல.

சரி, முடிஞ்சுது. இப்ப பலகையப் பாருங்க. முப்பத்திரண்டு வருஷமா இதே பலகைதான், ஏழு வரியும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன், நான் திரும்பிக் கூட பாக்க வேண்டியதில்ல. படிங்க, மேலேர்ந்து. சரி. சரி. மூணாவது... சரி. கப்பல்காரர் கண்ணுன்னா கண்ணு. நாலு, அஞ்சு... பிரமாதம். ஆறாவது?

...

சார். நீங்களுமா?

எட்டு மாசம் கடல்ல இருந்தேன்னு சொன்னீங்க. பாட்டே தெரியாதுன்னீங்க. உங்கள நம்பி மனசத் திறந்து கொட்டினேன். யாரு சொல்லிக்குடுத்தா உங்களுக்கு, அந்தப் பல் டாக்டரா?

என்ன... பலகையிலயா? பலகையில எழுதியிருக்கா? விளையாடாதீங்க சார். ஆறாவது வரி ப, ட, ம, ர, ய, ந, ல. எனக்குத் தெரியாதா? இல்ல, எனக்கு இங்கேர்ந்து... வெளிச்சம் பத்தல, அதனால... நீங்க எழுந்து போங்க. பிரேமோட போங்க, பரவாயில்ல. கிட்டப் போய் விரல வச்சுப் படிங்க, ஒவ்வொரு எழுத்தா.

க... ண்... ணு...

கையால எழுதினதா? அச்சு மாதிரி இருக்கா? இருக்கும் சார். அவன் கை அப்படி. மயிரிழை பிசகாது.

அப்ப அந்த நீதிபதி அம்மா... பஸ் டிரைவர்... படிச்சாங்களா? படிங்கன்னு சொன்னதப் படிச்சாங்களா எல்லாரும்? வாசல் வரைக்கும் கொண்டுபோய் விரட்டினேனே சார் அந்த டிரைவர...

ஏழாவதும் மாறியிருக்கா? அதுக்கு யாரையும் நான் விடவே இல்லையே, ஆறாவதுலயே எழுப்பிட்டேனே. ரொம்பப் பொடி எழுத்து அது. உங்களுக்குத் தெரியுதா? படிங்க. மெதுவா.

...

இன்னொரு தடவ படிங்க சார்.

"கூப்பிட்டா வரேன்."

அவ்வளவுதானா? வேற ஒண்ணும் இல்லையா? ரெண்டு வாரம். ரெண்டு வாரமா என் எதிர்லயே, விளக்கப் போட்டு, தொங்கிக்கிட்டு இருந்திருக்கு. போற அன்னிக்கே எழுதிட்டுப் போயிருக்கான் சார். யாராவது ஒருத்தன் படிச்சுச் சொல்லிடுவான்னு நெனச்சிருப்பான். நான் யாரையும் சொல்ல விடமாட்டேன்னு நெனச்சிருக்கமாட்டான்.

அஞ்சு வருஷமா தெரியல சார் எனக்கு. நாலாவது வரிக்குக் கீழ எல்லாம் எறும்பு போற மாதிரித்தான். நான் சொல்லல, அவனும் கேக்கல. நான் எழுதுற நம்பர அவன் ஒரு தடவ பாப்பான், ஏதோ தூசி தட்டுற மாதிரி வெளிய வந்து கஸ்டமர்கிட்ட ரெண்டு கேள்வி கேப்பான், உள்ள போய்ச் சரியா தேய்ச்சுடுவான். அன்னிக்கு ஒரு நாள் காய்ச்சல்ல பாக்காம விட்டுட்டான். அந்த ஒரு கண்ணாடிதான் தப்பு.

உக்காருங்க சார். இல்ல, உக்காராதீங்க, இங்க வாங்க. இந்தாங்க என் போன். மச்சான்னு இருக்கும், தேடிப் போட்டுக் குடுங்க. எழுத்து பொடிசா இருக்கு... எனக்குத் தெரியல. உங்க சர்டிபிகேட்டையும் அவன் வந்து ஒரு தடவ பாத்துடட்டும், அப்புறம் கையெழுத்துப் போடுறேன். சாயங்காலம் வரைக்கும் இருப்பீங்கல்ல?

ரிங் போகுதா? குடுங்க...

அடப்பாவி. காலர் ட்யூனா அதையே வச்சிருக்கான் சார். வயலின் போட்டது. "அவனுக்கு... அவனுக்கு..." என் வாயாலயே எனக்கு. கேளுங்க, கேளுங்க. எடுக்கமாட்டேங்குறான். முழுசா கேக்கட்டும்னு விட்டிருக்கான்.

சார், அவன் எடுக்குறதுக்குள்ள ஒண்ணு சொல்லிடுறேன். கழுகுக்கண் யாருன்னு இதுக்குள்ள உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். கப்பல்ல எட்டு மாசம் உக்காந்திருப்பீங்க, பொழுது போகாது, நாலு பேர்கிட்ட இந்தக் கதையச் சொல்லத்தான் செய்வீங்க. சொல்லுங்க. வெட்டுங்க, ஒட்டுங்க, உங்க இஷ்டத்துக்கு மாத்திக்கோங்க. ஆனா... இருங்க, எடுத்துட்டான்...

மச்சான்? நான்தான்... ஆமா, இப்பத்தான் படிச்சேன்... இல்ல, நான் படிக்கல. ஒரு நிமிஷம் லைன்லயே இரு...

சார், யாரு சொன்னதுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.